கோழிக்குக் கால் முறிந்தால்: செதிலிலா, சதைக்குள்ளா?

சந்தையில் வாங்கிவந்த கோழி ஓடிவிடக் கூடாதென்று ஒற்றைக்காலில் கயிறு போட்டு மரத்தில் கட்டிவைப்பார்கள். தெருநாய் எட்டிப் பார்த்ததும் கோழி படபடத்து எழும்பும், கயிறு சுண்டி இழுக்கும், எலும்பு முறியும். வண்டி ஹேண்டிலில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுவருவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. நாய்க்கடியும் பைக் சக்கரமும் தனிக் கணக்கு.

நொண்டுகிற கோழிக்கெல்லாம் அடிபட்டிருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரு காலை முன்னேயும் ஒரு காலைப் பின்னேயும் நீட்டிப் படுத்திருக்கும் இளங்கோழிக்கு மாரெக்ஸ் நோயாக இருக்கலாம். கால் இழுப்போடு கழுத்துத் திருகலும் பச்சைக் கழிச்சலும் சேர்ந்தால் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட்டைச் சந்தேகியுங்கள். உடனே மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்துவிட வேண்டும். குஞ்சின் விரல்கள் உள்ளே சுருண்டிருந்தால் வைட்டமின் பி2 பற்றாக்குறை. இவற்றுக்குக் குச்சி வைத்துக் கட்டி ஒரு பயனும் இல்லை.

அடிதான் என்றால், கோழியை மெல்லிய துண்டில் இறக்கைகளோடு சேர்த்துச் சுற்றுங்கள். நெஞ்சை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது; நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. அடிபட்ட அதிர்ச்சியோடு இறுக்கமான பிடியும் சேர்ந்தால் கைக்குள்ளேயே உயிர் போய்விடும்.

பிறகு நல்ல காலை ஒரு கையாலும் அடிபட்டதை மறுகையாலும் மேலிருந்து கீழாகத் தடவி ஒப்பிட்டுப் பாருங்கள். பின்பக்கமாக மடங்கும் அந்த மூட்டைப் பலரும் முழங்கால் என்கிறார்கள், அது கணுக்கால். அதற்குக் கீழே செதில், மேலே சதை. முறிவு செதில் பகுதியில், தோல் கிழியாமல் இருந்தால் வீட்டில் கட்டுப்போடப் பார்க்கலாம். சதைக்குள் இருந்தால் வெளிக்கட்டு உதவாது. குறிப்பாகத் தொடை எலும்பில், முறிவுக்கு மேலே கட்டு பிடித்துக்கொள்ள இடமே இல்லை. கட்டு சரிந்து முறிவின் மேலேயே கனமாகத் தொங்கி, இன்னும் விலக்கிவிடும். இதற்கு மருத்துவர் உள்ளே கம்பி வைக்க வேண்டும். இல்லையென்றால் குறுகிய இடத்தில் அசையாத ஓய்வு.

தோல் கிழிந்திருந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது ஏறக்குறைய ஒன்றரை டீஸ்பூன், கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சால் பீச்சிக் கழுவுங்கள். போவிடோன் அயோடினைப் பால் விடாத டீயின் நிறத்துக்கு நீர்த்துப் போடலாம். சுண்ணாம்பு புண்ணைப் பொசுக்கும். மஞ்சளை அள்ளி அப்பினால் பொருக்குத் தட்டி, அடியில் சீழ் கட்டுவது தெரியாது. புழு வைத்தால் மண்ணெண்ணெய், டர்பென்டைன் பக்கம் போகாமல் இடுக்கியால் எடுங்கள். ஈ முட்டை ஒரே நாளில் புழுவாகிவிடும் என்பதால் புண்ணுள்ள கோழியைக் கொசுவலைக்குள் வையுங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். உப்புநீரில் நனைத்த துணியால் மூடி, அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இனி செதில்காலுக்கான கட்டு. இரண்டு பேர் வேண்டும், கழுத்தடியில் தீவனம் தங்கும் இரைப்பையும் காலியாக இருக்க வேண்டும். கோழியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரல்கள் நல்ல காலின் திசையிலேயே இருக்கும்படி மெல்ல நேராக்குங்கள். வலிந்து இழுக்க வேண்டாம். பஞ்சுச் சுருளை மெல்லிசாகப் பிரித்து, விரல்களின் அடியிலிருந்து கணுக்காலுக்கு மேல்வரை, முந்தின சுற்றைப் பாதி மூடியபடி சுற்றுங்கள். வழவழப்பாகச் சீவிய மூங்கில் சிம்பு இரண்டை உள்பக்கமும் வெளிப்பக்கமும் வைத்து, முனைகளில் பஞ்சு பொதித்து, மேலே காஸ் துணி, அதன் மேல் பேப்பர் பிளாஸ்டர். கணுக்காலில் எட்டு வடிவில் சுற்றினால், நிற்கும்போது இருக்கும் மடிப்பு மாறாது. விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, பிறகு தினமும் காலையும் மாலையும் அவற்றைத் தொட்டுப் பாருங்கள். சில்லிட்டாலோ, வீங்கினாலோ, கறுத்தாலோ கட்டை உடனே அவிழ்க்க வேண்டும். கால் அழுகுவது பெரும்பாலும் முறிவால் அல்ல, இறுக்கிய கட்டால்தான். நனைந்த கட்டையும் அப்படியே விடக் கூடாது.

வலிக்கு வீட்டிலிருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள். பாறு கழுகுகளை அழித்ததற்காக 2006-ல் இந்தியாவில் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்ட டைக்ளோஃபெனாக் கோழிக்கும் விஷம். சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோலப் படியும். மருத்துவர்கள் வழக்கமாகத் தருவது மெலாக்சிகம், அதுவும் எடைக்கேற்ற அளவில். மருந்து கொடுக்கும் நாட்களில் முட்டையை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு எண் 1962.

ஓய்வுக்குப் பஞ்சாரத்தைவிட நல்ல இடம் கிடையாது. அடியில் நான்கு விரல் கனத்துக்கு வைக்கோல்; வழுக்கும் நாளிதழ் ஆகாது. மற்றக் கோழிகள் கண்ணில் படட்டும், கொத்த எட்டக் கூடாது. தண்ணீர், தீவனக் கிண்ணங்கள் உட்கார்ந்தபடியே அலகுக்கு எட்ட வேண்டும். பெட்டைக்கோழி நாளொன்றுக்கு 200 மில்லி அளவில் குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் அதிகம். குடிக்காவிட்டால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வாய்க்குள் ஊற்றினால் நாக்கின் பின்னே இருக்கும் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். மாலையில் இரைப்பையைத் தொட்டால் நிறைந்திருக்க வேண்டும், விடியற்காலையில் காலியாகியிருக்க வேண்டும். எச்சம் பச்சையாக, தண்ணீராக வந்தால் அது தின்னவில்லை என்று அர்த்தம். முட்டையிடும் கோழி ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்தை எலும்பிலிருந்தும் எடுக்கும் என்பதால் நொறுக்கிய கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வளரும் குஞ்சுக்கு அது வேண்டாம், சிறுநீரகத்துக்குக் கேடு.

படுத்தே கிடக்கும் கோழிக்கு நெஞ்செலும்பின் மேல் தோல் உரிந்து புண்ணாகும். தினமும் இறகை விலக்கிப் பாருங்கள். பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். விரல் சில்லிட்டு, கிள்ளினாலும் காலை இழுக்காத நிலை நீடித்தால் காலை எடுப்பதா, வலியில்லாமல் முடித்துவைப்பதா என்பதை மருத்துவரோடு பேச வேண்டும். எடை குறைந்த பெட்டை ஒற்றைக்காலில் தத்திப் பிழைத்துக்கொள்ளும். கனத்த சேவலுக்கு நல்ல காலின் பாதமும் புண்ணாகிவிடும்.

குஞ்சுக்குப் பத்துப் பதினான்கு நாளிலும் பெரிய கோழிக்கு மூன்று வாரத்திலும் எலும்பு கூடிவிடும். கட்டை அவிழ்த்ததும் மூட்டு விறைத்திருக்கும், நொண்டத்தான் செய்யும். ஒரு வாரம் பஞ்சாரத்துக்குள்ளேயே நடக்கட்டும். பிறகு பொழுது சாயும் நேரத்தில், மற்றவை அடையும்போது, கூட்டில் தரையோரமாக விடுங்கள். பகலில் விட்டால் பழைய தோழிகளே கொத்தித் துரத்தும்.