‘இன்ஸ்பிரேஷன் போர்ன்’: தமிழில் என்ன சொல்லலாம்?

காலை வணக்கத்தோடு வாட்ஸ்அப்பில் வரும் படம் ஒன்று. கைகளில்லாத சிறுமி பென்சிலை வாயில் கவ்விக்கொண்டு வரைகிறாள். கீழே பெரிய எழுத்தில், ‘இவளாலேயே முடிகிறது, உனக்கென்ன குறை?’ பார்த்ததும் நெஞ்சு லேசாக இளகுகிறது. நான்கு குழுக்களுக்கு அனுப்பிவிட்டுப் பல் துலக்கப் போகிறோம். அவள் என்ன வரைந்தாள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அதை யாரும் பார்க்கவே இல்லை.

இந்த மாதிரிப் படத்துக்கும் செய்திக்கும்தான் ஆங்கிலத்தில் ‘இன்ஸ்பிரேஷன் போர்ன்’ என்று பெயர். அந்தச் சொல்லை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் ஸ்டெல்லா யங். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஸ்டாவெல் என்ற சிற்றூரில் 1982-இல் பிறந்தவர். எலும்புகள் எளிதில் முறிந்துபோகும் மரபணுக் குறைபாடு அவருக்கு. போக்குவரத்தெல்லாம் சக்கர நாற்காலியில்தான். மேடை நகைச்சுவைக் கலைஞர், பத்திரிகையாளர், உரிமைப் போராளி. ஊர்க் கடைத்தெருவில் எந்தக் கடைக்குள் வீல்சேர் போகும், எதற்குள் போகாது என்று 14 வயதிலேயே கணக்கெடுத்தவர்.

அதற்கடுத்த வருஷம் ஊர்க்காரர் ஒருவர் அவர் பெற்றோரிடம் வந்து, சமூகச் சாதனை விருதுக்கு ஸ்டெல்லாவின் பெயரைக் கொடுக்கலாமா என்று கேட்டாராம். பெற்றோர் சொன்ன பதில்: ரொம்ப நல்லது, ஆனால் இவள் இன்னும் எதையும் சாதிக்கவில்லையே! படித்தாள், பள்ளி முடிந்ததும் அம்மாவின் சலூனில் சின்னதாக ஒரு வேலை பார்த்தாள், டிவி பார்த்தாள். அவ்வளவுதான். பிற்பாடு ஸ்டெல்லா மெல்போர்ன் பள்ளி ஒன்றில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது, பதினோராம் வகுப்பில் சட்டப் பாடம் தொடங்கி இருபது நிமிடம் ஆனதும் ஒரு மாணவன் கையைத் தூக்கி, “மிஸ், எப்போது பேச்சை ஆரம்பிப்பீர்கள்?” என்றானாம். வீல்சேரில் ஒருவர் பள்ளிக்கு வந்தால் தன்னம்பிக்கைச் சொற்பொழிவுக்குத்தான் வருவார் என்பது அவன் அதுவரை கண்டது. பாவம், அவனைக் குறை சொல்லவும் முடியாது.

ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின் ‘ராம்ப் அப்’ இணைய இதழுக்கு ஸ்டெல்லா ஆசிரியராக இருந்தார். 2012 ஜூலையில் அதில் இதைப் பற்றி எழுதினார். 2014 ஏப்ரலில் சிட்னி ஓபரா ஹவுஸ் மேடையில் பேசியதும் சொல் பரவிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில், 32 வயதில் காலமானார்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘இன்ஸ்பிரேஷன்’ லத்தீனிலிருந்து வந்தது. உள்ளே மூச்சை ஊதுவது என்பது மூலப்பொருள். ‘போர்ன்’, ‘போர்னோகிராஃபி’யின் சுருக்கம். அதற்கு அடியில் இருப்பது விலைமகளைக் குறிக்கும் கிரேக்கச் சொல். இன்று நெய் வழியும் தோசைப் படத்தைக்கூட ‘ஃபுட் போர்ன்’ என்கிறார்கள். ஸ்டெல்லா அப்படி விளையாட்டாக ஒட்டவில்லை. ஒரு கூட்டத்தாரின் பலனுக்காக இன்னொரு கூட்டத்தாரைப் பண்டமாக்குவதால், வேண்டுமென்றேதான் அந்தச் சொல்லைப் போடுகிறேன் என்றார். படிக்கட்டைப் பார்த்து எவ்வளவுதான் சிரித்தாலும் அது சாய்தளமாக மாறாது என்றும் கேலி செய்தார். நம்மூரில் ‘ஊனம் உடம்பில் இல்லை, மனசில்தான்’ என்று மேடைக்கு மேடை கைதட்டு வாங்குகிறதே, அந்த வசனத்துக்கும் பதில் இதுதான்.

தமிழில் ‘உத்வேக ஆபாசம்’ என்று நேராக வைக்கலாம். ஆனால் வடமொழியில் ‘உத்வேகம்’ என்றால் கலக்கம், பதற்றம்; தமிழுக்கு வந்துதான் நல்ல பிள்ளையானது. ‘ஆபாச’த்தின் கதை நேர்மாறு. மூலத்தில் அதற்குப் போலித் தோற்றம் என்றும் பொருள். தர்க்கத்தில் ‘ஹேத்வாபாசம்’ (ஹேது, அதாவது காரணம் + ஆபாசம்) என்பது, காரணம்போலத் தோன்றினாலும் காரணமாக நிற்காத ஒன்று. மணிமேகலையின் 29ஆம் காதை இதை ‘ஏதுப்போலி’ என்கிறது. அந்த வழியில் ‘ஊக்கப்போலி’ என்று தனித்தமிழில் அழகாகச் சொல்லிவிடலாம். ஆனால் அதில் உறைப்பு இல்லை. கேட்பவர் முகம் சுளிக்க வேண்டும் என்பதற்காகவே வைத்த பெயரை இப்படி மழுங்கடிக்கலாமா? என் ஓட்டு ‘ஊக்க ஆபாசம்’ என்பதற்கு. அருவருப்பும் இருக்கிறது, போலி என்ற பழைய பொருளும் உள்ளே பதுங்கியிருக்கிறது.

இன்னொரு சொல்லும் இங்கே இடறுகிறது. ஸ்டெல்லா தன்னை ‘டிஸேபிள்டு’ என்றே சொல்லிக்கொண்டார்: தன் உடலைவிட, படிக்கட்டு கட்டிய சமூகம்தான் தன்னை முடக்குகிறது என்ற பொருளில். தமிழக அரசு வழக்கில் ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்திருக்கிறது. மரியாதையான சொல்தான், மறுக்கவில்லை. ஆனாலும் ஏதாவது ஒரு திறனைக் காட்டித்தான் மரியாதையை வாங்க வேண்டும் என்ற வாடை அதில் கொஞ்சம் அடிப்பதாக எனக்குப் படும். ஸ்டெல்லா சொன்னதற்கு ‘முடக்கப்பட்டவர்’ என்பதுதான் நெருக்கம்.

அப்படியானால் ஊனமுற்றவர் ஒருவரைப் பார்த்து வியந்தாலே ஊக்க ஆபாசமா? இல்லை. நீச்சல் வீராங்கனை பதக்கம் வென்றால், எத்தனை நொடியில் நீந்தினார் என்று பேசுவது பாராட்டு. அவர் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்ததற்குக் கண் கலங்குவது மற்றது. ஸ்டெல்லாவும் மற்ற ஊனமுற்றவர்களிடமிருந்து எப்போதும் கற்றுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கற்றது என்ன? கீழே விழுந்த பொருளை எடுக்க, அடுப்பில் இறைச்சியைப் புரட்டும் இடுக்கி நன்றாக உதவும். அப்புறம், சக்கர நாற்காலியின் பேட்டரியிலிருந்தே கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம்.