அக்குபங்சர்: இது வேற அக்கு

எட்டாம் மாசத்தில் அண்ணி "இடுப்பு வலிக்குது" என்றதும் அத்தை துணிப்பையைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டார். தோட்டத்தில் பிள்ளைத்தாய்ச்சிக்கு இடுப்பு வலி என்றால் பிரசவ வலிதான். அண்ணிக்கு இருந்ததோ மூன்று வாரமாக விடாத முதுகு வலி. சுங்கை சிப்புட் டவுனில் சீன வைத்தியரிடம் 'அக்குபங்சர்' செய்யலாமா என்று அண்ணன் கேட்கப்போய், அது என்ன சொல் என்று வீட்டில் ஒரே பேச்சு.

அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிப்போம், ஆனால் அந்த அக்கு வேறு. இது லத்தீன்: 'அக்குஸ்' ஊசி, 'புங்க்தூரா' குத்துதல். மோட்டார் டயர் பங்சர் ஆகிறதே, அதுவும் இந்தக் குத்துதான். நாகசாகியில் வேலை பார்த்த டச்சு மருத்துவர் வில்லெம் தென் ரைன் 1683இல் தன் நூலில் இந்தச் சொல்லை எழுதினார். சீனர்கள் சொல்வது 'ஜென்ஜியூ': ஊசி, கூடவே மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டுவது. அந்தச் சூடு லத்தீனுக்குள் வரவே இல்லை.

தமிழில் 'குத்தூசி மருத்துவம்'. லத்தீனுக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது, ஆனால் குத்தூசி என்றால் சாக்கு தைக்கிற ஊசியும்தான். "வயித்துப் பிள்ளைக்காரிக்குக் கோணி ஊசியா?" என்று பாட்டி கொதித்ததில் நியாயம் இருக்கிறது. 'ஊசி போடுவது' என்றாலும் சரிவராது, இதில் மருந்தே கிடையாது. என்னைக் கேட்டால் 'நுண்ணூசி' என்பேன், ஆனால் குத்தூசி ஊன்றிவிட்டது, இருக்கட்டும்.

நிஜ ஊசி கால் மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். சின்ன பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்து விரலால் ஒரு தட்டு. அண்ணி கண்ணை இறுக்கிக்கொண்டு "எப்ப குத்துவாரு?" என்று கேட்டபோது நாலு ஊசி உள்ளே.

கர்ப்பகால முதுகு, இடுப்பெலும்பு வலி இதில் குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. எல்லாருக்கும் கேட்கும் என்று நினைக்க வேண்டாம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலும், உள் கணுக்காலுக்கு மேலேயும் உள்ள புள்ளிகளைப் பிள்ளைத்தாய்ச்சிக்குத் தொடுவதில்லை என்பது பழைய வழக்கம், அதனால் எத்தனை மாசம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிளினிக் மிசிக்கும் (நர்ஸ்) தெரியட்டும். அப்புறம், வலி விட்டு விட்டு, ஒழுங்கான இடைவெளியில் வந்தாலோ, ரத்தமோ தண்ணியோ போனாலோ, அது அத்தை நினைத்த இடுப்பு வலியாக இருக்கலாம்; பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.