ஆறாவது மாசத்துலயும் தினம் வாந்தியா? மசக்கைன்னு விட்டுடாதீங்க

மறுபடியும் ஒரு கேஸ், அதான் எழுதுறேன். ஆறாவது மாசம், வெயிட் ஏறவே இல்ல, ரத்தத்துல பொட்டாசியம் குறைஞ்சு 2.8, தினம் வாந்தி. ஏற்கனவே பாத்த இடத்துல மசக்கைன்னு மாத்திரை மேல மாத்திரை. மாமியாரை வெளிய உக்கார வெச்சுட்டு "வாந்தி தானா வருதாம்மா, இல்ல நீயா வர வைக்கிறியா"ன்னு கேட்டதும் அழுதுட்டா. காலேஜ் படிக்கும்போதே ஆரம்பிச்சதாம். இது மசக்கை இல்ல, ஈட்டிங் டிசார்டர், அதாவது சாப்பாடு, எடை பத்தின மனநலப் பிரச்சினை.

மசக்கை 6வது வாரம் வாக்குல ஆரம்பிக்கும், 9, 10ல உச்சம், பெரும்பாலும் 16-20 வாரத்துல அடங்கிடும். நாள் பூரா குமட்டும், தாளிக்கிற வாசனையே ஆகாது. சிலருக்கு பிரசவம் வரைக்கும் இருக்கும், இல்லங்கல. ஆனா குமட்டலே இல்லாம, சாப்பிட்ட கையோட பாத்ரூம் போயி கதவை சாத்துறது, பல்லோட உள்பக்கம் எனாமல் தேயுறது, காதுக்குக் கீழ வீக்கம், விரல் முட்டில காய்ப்பு, இதெல்லாம் இருந்தா அது வேற.

"டாக்டர், அவ நல்லாத்தானே இருக்கா, எலும்பும் தோலுமாவா இருக்கா?" இதைக் கேட்டு கேட்டு அலுத்துப்போச்சு. ஒல்லியா இருந்தாத்தான் ஈட்டிங் டிசார்டர்னு யாருங்க சொன்னது? அள்ளி அள்ளி சாப்பிட்டுட்டு வாந்தி எடுக்குறவங்கள்ல நிறைய பேர் பாக்க சாதாரண எடைதான், குண்டாவும் இருப்பாங்க. சிட்டி பொண்ணுங்க வியாதி, வசதியான வீட்டு வியாதின்னு சொல்றதும் அதே மாதிரி பேச்சுதான், கிராமத்துல இருந்து வர்றவங்களும் இருக்காங்க, நாமதான் கேக்குறதில்ல. வயித்துல புள்ள வந்தா தானா சரியாகிடும்னு இன்னொரு நம்பிக்கை. சிலருக்கு குறையுது, சிலருக்கு விசிட்டுக்கு விசிட் எடை மெஷின்ல ஏறி நிக்குறதே பயத்தை கிளப்பி விடுது. இதுல "குறைச்சு சாப்பிடு, குழந்தை சின்னதா இருந்தா சுகப்பிரசவம் ஆகும்"னு அட்வைஸ் வேற!

கூட வேலை பாக்குற டாக்டர்களுக்கு ஒண்ணு. ஈட்டிங் டிசார்டர் இருக்கான்னு சந்தேகிக்க 1999ல லண்டன்ல ஸ்காஃப்னு (SCOFF) 5 கேள்வி கொண்டு வந்தாங்க, ரெண்டுக்கு ஆமான்னா மேற்கொண்டு விசாரிக்கணும். கர்ப்பிணிகிட்ட அதை அப்படியே கேட்டா உதவாது, 3 மாசத்துல 6 கிலோ குறைஞ்சதான்னு கேட்டு என்ன பண்றது, வாந்தி கேள்விக்கும் மசக்கைக்காரங்க ஆமான்னு சொல்லிடலாம். அதனால முதல் விசிட்லயே, தனியா வெச்சு, முன்னாடி இப்படி இருந்துச்சா, எடை ஏறுறதை நினைச்சா பயமா இருக்கான்னு வாயால கேளுங்க. ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. எடை நம்பரை பாக்க வேணாம்னு அவ சொன்னா மெஷின்ல திருப்பி நிக்க வெச்சு நீங்க மட்டும் குறிச்சுக்கோங்க. சாதாரண எடையில ஆரம்பிக்கிறவங்களுக்கு மொத்தம் 11.5ல இருந்து 16 கிலோ ஏறணும், அது கொழுப்பு மட்டுமில்ல, குழந்தை, நச்சுக்கொடி, தண்ணி, ரத்தம் எல்லாம் சேர்த்துன்னு சொல்லிப் புரிய வைங்க.

உங்களுக்கே இப்படி இருந்தா சொல்லிடுங்கம்மா, யாரும் திட்டமாட்டோம். பொட்டாசியம் இறங்கினா இதயத்துக்கே ஆபத்து, குழந்தை எடை குறைஞ்சோ குறைமாசத்துலயோ பொறக்கலாம். வாந்தி எடுத்த உடனே பல்லு தேய்க்காதீங்க, கொப்பளிச்சுட்டு அரை மணி நேரம் கழிச்சு தேய்ங்க. ஏற்கனவே மனநல மாத்திரை எடுத்துட்டிருந்தா நீங்களா நிறுத்தக்கூடாது. நேர்ல சொல்ல கூச்சமா இருந்தா அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416க்கு போன் போடுங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

வீட்டுல இருக்குறவங்க பாத்ரூம் வாசல்ல காவல் நிக்காதீங்க, தட்டை எட்டிப் பாக்காதீங்க. பிரசவம் முடிஞ்சப்புறம்தான் இது நிறைய பேருக்கு திரும்ப தலைதூக்கும், அதனால புள்ள பாக்க வர்ற சொந்தக்காரங்க "வயிறு இன்னும் வத்தலையே"ன்னு ஆரம்பிச்சா அங்கேயே நிறுத்துங்க.