கூரையில் சோலார், கணக்கில் கிரிட்

ஒரு நிறுவனம் தன் கூரையில் சோலார் பேனல் பொருத்துகிறது. அதனால் குறையும் கார்பன் யார் கணக்கில் வரவு வைக்கப்படும்? பொருத்தியவர் கணக்கில்தான் என்று தோன்றும். புகை விடுவதற்கான உரிமங்களை வாங்கி விற்கும் கார்பன் வர்த்தகத்தின் விதிகள் பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை.

2005-ல் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் வர்த்தகத் திட்டத்தில் ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஓர் உரிமம். மின்சாரத்தைப் பொறுத்தவரை அதை வாங்கி ஒப்படைக்க வேண்டியது புகை விடும் மின் நிலையம். எனவே கூரை மின்சாரம் வந்தால் உரிமம் மிச்சமாவது அந்த மின் நிலையத்துக்கு. அதை அது விற்றுவிட்டால், வாங்கியவர் அந்த அளவு புகை விடலாம். (2019 முதல் உபரி உரிமங்களில் ஒரு பகுதியைச் சந்தையிலிருந்து எடுத்து வைப்பதால் இந்த ஓட்டை கொஞ்சம் சிறுத்திருக்கிறது.) பேனல் வைத்தவருக்குக் கிடைப்பது மறைமுக லாபம்தான்: உரிமத்தின் விலை ஏறிய மின்சாரத்தை அவர் குறைவாக வாங்குகிறார்.

பிரிட்டன் 2010-ல் கொண்டுவந்து 2019-ல் முடித்த சிஆர்சி (கார்பன் குறைப்பு) திட்டம் பொறுப்பை மின்சாரம் பயன்படுத்தும் பெரிய நிறுவனங்கள் மீதே வைத்தது. சூப்பர் மார்க்கெட், வங்கி, பல்கலைக்கழகம் எல்லாம் ஆரம்பத்தில் டன்னுக்கு 12 பவுண்ட் கொடுத்து உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அப்படியானால் கூரை சோலாருக்கு நேரடி லாபம் இருக்க வேண்டுமே? குறுக்கே ஒரு விதி வந்தது. அந்த மின்சாரத்துக்கு அரசின் ஃபீட்-இன் டாரிஃப் தொகையோ (சொந்தமாக உற்பத்தி செய்யும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் தரும் பணம்), விற்கக்கூடிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழோ பெற்றிருந்தால், கார்பன் கணக்கில் அதுவும் கிரிட் (பொது மின்கட்டமைப்பு) மின்சாரமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. முதல் கட்டத்தில் யூனிட்டுக்கு 0.541 கிலோ கரியமில வாயு என்று கணக்கு. ஒரே மின்சாரத்துக்கு இரண்டு சலுகை கூடாது என்பது வாதம்.

0.541 கிலோவுக்கான உரிமச் செலவு சுமார் 0.65 பென்ஸ். 2010-ல் சோலாருக்கான ஃபீட்-இன் டாரிஃப் யூனிட்டுக்கு 29 பென்ஸுக்கு மேல். எதை விடுவார்கள் என்று சொல்லவே வேண்டாம். பணமாகப் பார்த்தால் பெரிய இழப்பில்லை. ஆனால் நிறுவனத்தின் உமிழ்வுக் கணக்கில் அந்தப் பேனல் இருந்த சுவடே தெரியாது. கார்பனைக் குறைத்துக் காட்டுவதுதான் நோக்கம் என்றால், மேலாளர் பேனலை விட்டுவிட்டு விளக்குகளை மாற்றும் செலவைத்தான் கேட்பார். சான்றிதழை விற்றவர் பசுமைப் பெருமையையும் சேர்த்து விற்றுவிட்டார், சரி. டாரிஃப் பெற்றவர் எதை விற்றார்? மானியம் தருவது ஒன்று, விடாத புகையை விட்டதாக எழுதுவது வேறு.

2013-ல் கார்பன் வர்த்தக விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்த கலிஃபோர்னியா வேறு வழியில் போனது. கட்டாயம் இல்லாமலே புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு மாறுபவர்களுக்காக உரிமங்களில் சிறு பங்கை ஒதுக்கிவைத்தது. அவர்கள் விண்ணப்பித்தால் அதற்கு ஈடான உரிமங்கள் ரத்தாயின, புகைக்கான மொத்த வரம்பே அந்த அளவுக்கு இறங்கியது.