நேவிகேஷன்: மருங்கறிதலும் கலமோட்டுதலும்

சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்குள் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பயிற்சியாளர் என்னிடம், "சார், இன்னிக்கு நேவிகேஷன் உங்க பொறுப்பு" என்றார். நான் சுக்கானைப் பிடிக்கக் கை நீட்டினேன். அவர் என் கையில் கடல் வரைபடத்தையும் ஒரு சிறிய காம்பசையும் வைத்துவிட்டு, சுக்கானை இன்னொரு மாணவரிடம் கொடுத்தார். படகைத் திருப்புவது ஒரு வேலை, படகு இப்போது எங்கே இருக்கிறது, இனி எந்தத் திசையில் போக வேண்டும் என்று சொல்வது வேறொரு வேலை என்பதும், நேவிகேஷன் என்று அவர் குறித்தது இரண்டாவதை மட்டுமே என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கின. தமிழில் அச்சொல்லுக்கு நாம் வழங்கிவரும் ஈடுகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன. பொழுதுபோக்குக்காகப் படகு ஓட்டக் கற்க விரும்பும் தமிழருக்கு அதனால் தொடக்கத்திலேயே குழப்பம் ஏற்படுகிறது.

நேவிகேஷன் என்பது லத்தீனிலிருந்து வந்த சொல். அம்மொழியில் 'நாவிஸ்' என்றால் கப்பல், 'ஆகெரே' என்றால் செலுத்துதல் அல்லது ஓட்டுதல். இவ்விரண்டும் சேர்ந்து 'நாவிகாரே' என்ற வினை உண்டாயிற்று. ஆகவே மூலப்பொருளை மட்டும் பார்த்தால் அது 'கலம் செலுத்துதல்' என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. பாயை ஏற்றுவது, சுக்கானைப் பிடிப்பது, வழி பார்ப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். கரை கண்ணுக்குத் தெரியாத பெருங்கடலில் மாதக்கணக்கில் ஓடும் பயணங்கள் பெருகி, விண்மீன்களின் உயரத்தை அளந்து இடத்தைக் கணக்கிடும் கலை தனித் துறையாக வளர்ந்தபோது, அச்சொல்லின் பொருள் ஓட்டுவதிலிருந்து கணக்கிடுவதன் பக்கம் மெல்ல நகர்ந்தது. கயிறும் பாயும் நங்கூரமும் சுக்கானும் கையாளும் திறனுக்கு ஐரோப்பிய மொழிகளில் வேறு சொற்கள் அமைந்தன. பின்னர் விமானம், விண்கலம், கைப்பேசி வரைபடம் என எங்கும் அச்சொல் பரவிய காலத்தில், கலம் என்ற பொருளே அதில் மிஞ்சவில்லை. இடமறிந்து வழி சொல்வது என்ற பொருள் மட்டுமே எஞ்சியது. இந்தியச் செயற்கைக்கோள் இடமறியும் அமைப்புக்கு 2016இல் சூட்டப்பட்ட 'நாவிக்' என்னும் பெயர் ஆங்கிலத் தொடரொன்றின் சுருக்கமாக அமைந்ததோடு, கப்பலோட்டி என்று பொருள்படும் 'நாவிக' என்ற வடசொல்லையும் நினைவூட்டுகிறது. வடமொழி 'நௌ', கிரேக்க 'நௌஸ்', லத்தீன் 'நாவிஸ்' ஆகிய மூன்றும் ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த உறவுச் சொற்கள். நம் 'நாவாய்' அக்கூட்டத்தோடு தொடர்புடையதா, தனித்தமிழா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் சங்கப் பாடல்களிலேயே அது நன்கு வேரூன்றிய சொல்லாக நிற்கிறது.

இன்று தமிழில் இதற்கு ஈடாக 'வழிசெலுத்தல்', 'வழிகாட்டல்', 'கப்பலோட்டம்' போன்றவை வழங்குகின்றன. கைப்பேசிச் செயலியில் 'வழிசெலுத்தல்' என்று போட்டால் யாருக்கும் கேடில்லை. படகில் அது பொருந்துவதில்லை. செலுத்தப்படுவது படகேயன்றி வழியன்று. வழி அறியப்படுவது, கணிக்கப்படுவது. 'வழிகாட்டல்' என்பதோ பிறருக்குச் செய்யும் உதவியைக் குறிக்கும். தனியாகப் படகில் போகிறவர் தமக்குத் தாமே வழிகாட்டிக்கொள்கிறார் என்று சொல்வது செயற்கையாக ஒலிக்கிறது. 'கப்பலோட்டம்' பழைய லத்தீன் பொருளுக்கு நெருங்கியது; இன்றைய பொருளுக்கு அன்று.

இரு கலைகளையும் பிரித்தும் சேர்த்தும் சொல்லும் ஒரு தொடர் அகநானூற்றின் 255ஆம் பாடலில் இருக்கிறது. மதுரை மருதன் இளநாகனார் பாடிய அப்பாடலில், இரவும் பகலும் ஓயாது காற்று அசைக்க, கடலைப் பிளந்துகொண்டு வரும் பெரிய வங்கத்தை, அதாவது கப்பலை, 'நீகான் மாட ஒள்ளெரி மருங்கறிந்து ஒய்ய' என்று வருகிறது. நீகான் என்பவன் கலத்தைச் செலுத்துபவன். மீகான், மீகாமன் என்றும் அவனைச் சொல்வர். மாடத்தின் மேல் எரியும் ஒளிமிக்க விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறிகிறான், அறிந்து கலத்தை ஒய்கிறான். ஒய்தல் என்றால் செலுத்துதல். 'அறிந்து', 'ஒய்ய' என்ற இரண்டு வினைகளும் இரண்டு கலைகள். முதல் வினை எச்சமாக முன்னே நிற்கிறது; அறிதல் முடிந்த பிறகே ஒய்தல் நிகழ வேண்டும் என்ற ஒழுங்கைத் தொடரின் இலக்கணமே காட்டிவிடுகிறது. என்னிடம் வரைபடத்தைக் கொடுத்த பயிற்சியாளர் சொன்னதும் இதைத்தான்.

அத்தொடரில் 'மருங்கு' என்ற சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன். மருங்கு என்றால் பக்கம், திசை. கடலோடிகள் இன்று 'பேரிங்' என்று சொல்வது, நாம் இருக்கும் இடத்திலிருந்து ஒரு பொருள் எந்தத் திசையில், எத்தனை பாகையில் தெரிகிறது என்பதையே. சென்னைக் கடலில் இதைப் பழகுவதற்கு மெரினா கலங்கரை விளக்கம் மிக ஏற்றது. காம்பசை அதன் நேரே பிடிக்கும்போது 270 பாகை காட்டினால் விளக்கம் நமக்கு நேர் மேற்கில் இருக்கிறது, நாம் அதற்கு நேர் கிழக்கில் எங்கோ இருக்கிறோம். வரைபடத்தில் விளக்கத்திலிருந்து கிழக்கு நோக்கி ஒரு கோடு இழுத்தால், அக்கோட்டில் ஏதோ ஒரு புள்ளிதான் நம் இடம். வரைபடத்தில் குறிக்கப்பட்ட இன்னொரு கட்டடத்தையும் இவ்வாறே பார்த்து இரண்டாவது கோடு இழுத்தால், இரண்டும் வெட்டும் புள்ளி நம் இருப்பிடம். அன்று நான் இழுத்த கோடுகள் வெட்டிய இடம் தரைமேல் விழுந்தது. பாகையைத் தவறாகப் படித்திருந்தேன். பயிற்சியாளர் கோபிக்கவில்லை, மூன்றாவது அடையாளம் ஒன்றையும் பார்க்கச் சொன்னார். மூன்று கோடுகளும் ஏறத்தாழ ஓரிடத்தில் சந்தித்தால் நம்பலாம், சந்திக்காவிட்டால் ஏதோ ஒன்றில் பிழை என்று அவர் விளக்கினார்.

கலங்கரை விளக்கம் என்ற சொல்லையும் இங்கே நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் 'கரைக்கு அருகில் உள்ள விளக்கு' என்று பலர் அதற்குப் பொருள் கொள்கின்றனர். கரைதல் என்பது அழைத்தல். காகம் கரைகிறது என்கிறோம் அல்லவா, அந்தக் கரைதல். பெரும்பாணாற்றுப்படையில், இரவில் ஏற்றிய சுடர் 'உரவுநீர் அழுவத்து ஓடுகலம் கரையும் துறை' என்று தொண்டை நாட்டுத் துறையொன்று சொல்லப்படுகிறது. கடலில் ஓடும் கலத்தைக் கூவி அழைக்கும் விளக்கு அது. சென்னையில் 1796இல் கோட்டைக்குள்ளும், 1844இல் உயர்ந்த தூணொன்றின் மேலும், 1894இல் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் மாடத்திலும், 1977இல் மெரினாவிலும் அவ்விளக்கு இடம் மாறி மாறி எரிந்துவந்திருக்கிறது. அவற்றுள் உயர் நீதிமன்ற மாடத்தில் எரிந்ததை 'மாட ஒள்ளெரி' என்று அகநானூற்றுச் சொல்லாலேயே எவ்வித மிகையுமின்றிக் குறிக்கலாம்.

மருங்கறிதல் உயிர் காக்கும் இடம் ஒன்று உண்டு. இன்னொரு படகு நம்மை நோக்கி வரும்போது அதன் மருங்கைச் சில நிமிட இடைவெளியில் இருமுறை மும்முறை பார்க்க வேண்டும். பாகை மாறிக்கொண்டே போனால் அப்படகு பெரும்பாலும் நமக்கு முன்னாலோ பின்னாலோ கடந்துவிடும். பாகை மாறாமல் தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் மோதும் அபாயம் உண்டு என்று கொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தவிர்ப்பு விதிகள் இதை எழுத்திலேயே சொல்கின்றன. எஞ்சினால் ஓடும் இரு படகுகள் நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்பக்கம் திரும்ப வேண்டும்; குறுக்கே வந்தால், மற்றப் படகைத் தன் வலப்பக்கத்தில் காண்பவர் விலகிக்கொடுக்க வேண்டும். அண்ணா சாலையில் இடப்பக்கம் ஒதுங்கிப் பழகிய கைகளுக்கு இது எளிதில் வருவதில்லை. கரையிலேயே பலமுறை சொல்லிச் சொல்லிப் பழகிக்கொள்வது நல்லது.

இனி ஒய்தல், அதாவது கலமோட்டுதல். சாலை வண்டியோடு படகை ஒப்பிட்டுக் கற்கத் தொடங்குபவர்கள் முதலில் தடுமாறுவது இரண்டு செய்திகளில். படகுக்குப் பிரேக் இல்லை. மேலும், அது திரும்பும்போது முன்பக்கம் போகும் வழியே பின்பக்கம் போவதில்லை; சுக்கானின் வேலையால் பின்பக்கம் எதிர்ப்புறம் வீசிச் செல்லும். வெளியே பொருத்திய எஞ்சின் உள்ள படகில், எஞ்சின் தள்ளும் நீரே படகைத் திருப்புகிறது. ஆகவே கரையை நெருங்கும் அச்சத்தில் எஞ்சினை முழுக்கத் தணித்துவிட்டால் திருப்பும் ஆற்றலும் அதோடு போய்விடும். படகைக் கரையோடு அணைக்கும்போது, முடிந்தவரை காற்றையோ நீரோட்டத்தையோ எதிர்த்து வர வேண்டும் என்பதன் காரணம் எளியது: எதிர்விசையே நமக்குப் பிரேக்காகிறது. புறநானூற்றின் 66ஆம் பாடலில் வெண்ணிக் குயத்தியார், கரிகாலனின் முன்னோரை 'நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி வளிதொழில் ஆண்ட உரவோன்' என்கிறார். வளி என்பது காற்று. காற்றை வென்றவன் என்றோ அடக்கியவன் என்றோ சொல்லாமல், அதன் தொழிலை ஆண்டவன் என்கிறார் புலவர். படகு கையாளுவதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் கண்டதில்லை.

சென்னைக் கடற்கரைக்கு இக்கலை புதிதன்று. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களையும் சரக்கையும் அலை உடையும் பகுதியைத் தாண்டிக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்ததால், அலை மோதும்போது அவை உடையாமல் நெளிந்துகொடுத்தன. இன்று பைபர் படகில் போகும் மீனவர்களும் அலைகளின் வரிசையைக் கண்ணால் எண்ணி, சற்றே தணியும் நேரம் பார்த்து, படகின் முன்பகுதியாகிய அணியத்தை அலைக்கு நேரே வைத்துப் புறப்படுகின்றனர். பொழுதுபோக்குப் படகோட்டிகள் பெரும்பாலும் 1911இல் தோன்றிய யாட் கிளப் இருக்கும் துறைமுக நீரிலோ முட்டுக்காட்டுக் காயலிலோ தொடங்குவதால் அலை தாண்டும் பாடம் அவர்களுக்குக் கடைசியில்தான் வருகிறது.

ஆளைக் குறிக்கும் சொற்களில் 'மாலுமி' கவனிக்கத்தக்கது. அது 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு ஆசிரியர் என்பது பொருள். இந்தியப் பெருங்கடலில் வழி அறிந்து கலத்தை நடத்தியவரை அப்பெயரால் அழைத்தனர். இன்று தமிழில் கப்பலில் வேலை செய்யும் யாரையும் மாலுமி என்கிறோம். கணிப்பவர் என்ற சிறப்புப் பொருள் தேய்ந்துவிட்டது. சுக்கானும் அரபியிலிருந்து வந்ததே, நங்கூரம் பாரசீகத்திலிருந்து வந்தது. இவற்றை விலக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. கடற்கரையில் எல்லாரும் அறிந்த சொற்கள் அவை, நம் கடல் வாணிகத்தின் தடங்களும் ஆகும்.

எனவே, படகு கையாளும் திறனுக்குக் 'கலமோட்டல்' என்றும், நேவிகேஷனுக்கு 'வழிக்கணிப்பு' என்றும், பேரிங்குக்கு 'மருங்கு' என்றும் வழங்கலாம் என்பது என் பரிந்துரை. 'கணிப்பு' என்பதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. குமரிக் கடற்கரை மீனவர்கள், கரையில் தெரியும் மலை, கோபுரம், மரம் ஆகியவற்றை ஒன்றோடொன்று நேர்படுத்திப் பார்த்துக் கடலில் தம் இடத்தை அறியும் முறையைக் 'கணியம்' என்கின்றனர். வரைபடத்தில் நான் பென்சிலால் இழுத்த கோடுகளை அவர்கள் கண்ணாலேயே இழுக்கிறார்கள். வேர்ச்சொல் அங்கே உயிரோடு இருக்கும்போது புதிதாக ஒன்றை ஆக்கத் தேவையில்லை.

கணிப்பு என்பது எவ்வளவு எளிய கணக்கில் தொடங்குகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர், வடக்கு தெற்காக ஓடும் நிலநேர்க்கோட்டின் ஒரு கலை அளவுக்கு, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்கு, ஏறத்தாழ ஈடானது. சென்னைத் துறைமுகம் வடக்கு 13 பாகை 5 கலையிலும் கோவளம் 12 பாகை 47 கலையிலும் இருப்பதால், கரையோரமாகத் தெற்கே போகும் தூரம் ஏறத்தாழ 18 கடல் மைல் என்று வரைபடத்தை அளக்காமலே சொல்லிவிடலாம். மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்தை 'நாட்' என்பர். முடிச்சு என்பது அதன் நேர்ப்பொருள். முடிச்சிட்ட கயிற்றைக் கப்பலின் பின்னே ஓடவிட்டு, மணற்கடிகை தீரும்வரை எத்தனை முடிச்சு கைவழியே போகிறது என்று எண்ணிய பழக்கத்தால் அப்பெயர் வந்தது. 5 நாட் வேகத்தில் போகும் படகு கோவளத்தை 3 மணி 36 நிமிடத்தில் அடைய வேண்டும். ஆனால் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே 1 நாட் வேகத்தில் எதிர்த்து ஓடினால், தரையை வைத்து அளக்கும் வேகம் 4 நாட்டாகக் குறைந்து, நாலரை மணி நேரம் ஆகும். படகை எவ்வளவு திறமையாக ஓட்டினாலும் அந்த 54 நிமிடத்தைக் கையால் ஈடுசெய்ய முடியாது. எரிபொருளையும் குடிநீரையும் இருட்டும் நேரத்தையும் கிளம்புவதற்கு முன்பே கணித்தாக வேண்டும். திசையையும் வேகத்தையும் கழிந்த நேரத்தையும் மட்டும் கொண்டு இவ்வாறு இடத்தை மதிப்பிடும் முறையை, வழிக்கணிப்பின் ஒரு வகையாக, 'ஓட்டக்கணிப்பு' என்று சொல்லலாம்.