கிரிஸ்டலில் வெப் ஃபிரேம்வொர்க் தேடுகிறீர்களா?

ரூபி மொழி போலவே எழுதலாம், கம்பைல் ஆவதால் (ஓடும் முன்பே மெஷின் கோடாக மாறுவதால்) வேகமாகவும் ஓடும் என்று கேள்விப்பட்டுத்தான் பலரும் கிரிஸ்டல் என்ற நிரலாக்க மொழிக்கு வருகிறார்கள். வந்ததும் கேட்பது ஒன்றுதான்: ரூபியில் வெப் தளம் கட்ட உதவும் ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸுக்கு ஈடாக இதில் என்ன இருக்கிறது? சிறு நிறுவனங்களின் வெப் கோடை ரிவ்யூ செய்கிறவன் என்பதால், இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது.

தேர்வுக்குக் குறைவில்லை. கெமல் மெலிதானது, ரூபியின் சிறிய ஃபிரேம்வொர்க்கான சினாட்ராவின் பாணி. லக்கி பெரியது, பல தவறுகளைக் கம்பைல் ஆகும்போதே பிடித்துவிடும். ஆம்பர், அத்தீனா, பைத்தானின் ஜாங்கோ சாயலில் மார்ட்டன் என்று இன்னும் உண்டு. இவற்றில் எதை நம்பலாம் என்பதுதான் விஷயம்.

கோடு பகிரும் கிட்ஹப் தளத்தில் கிடைத்த ஸ்டார்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். என்றோ ஆர்வத்தில் போட்ட ஸ்டாரை யாரும் திரும்ப எடுப்பதில்லை. கடைசியாக மாற்றம் செய்த தேதியைப் பாருங்கள். புவனோஸ் ஐரிஸில் இருக்கும் மனாஸ் நிறுவனத்தில் 2011-இல் தொடங்கிய இந்த மொழியின் 1.0 பதிப்பு 2021 மார்ச்சில்தான் வந்தது. அதுவரை புதுப் பதிப்புகள் பழைய கோடை உடைத்துக்கொண்டே இருந்தன. அதற்குப் பிறகு யாரும் கைவைக்காத லைப்ரரி இன்று கம்பைல் ஆகாமலே போகலாம். அப்புறம், பயனர்கள் பதியும் பிழைப் புகார்களுக்கு (இஷ்யூக்களுக்கு) பதில் வருகிறதா, மாற்றங்களைச் சேர்க்கும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே ஆள் என்றால், அவருக்கு வேலை மாறினாலோ குழந்தை பிறந்தாலோ உங்கள் ப்ராஜெக்ட்டும் சேர்ந்து நின்றுவிடும்.

நான் அதிகம் கவலைப்படுவது பாதுகாப்பைப் பற்றி. ரெயில்ஸில் பழகியவர்களுக்குப் பல காப்புகள் தாமாகவே கிடைத்துவிடுவதால், அவை இருப்பதே மறந்துபோகிறது. பயனர் தட்டச்சிட்டதைப் பக்கத்தில் காட்டும்போது ரெயில்ஸ் டெம்ப்ளேட் தானே எஸ்கேப் செய்துவிடும், அதாவது அதைக் கோடாக ஓடவிடாமல் வெறும் எழுத்தாக மாற்றிவிடும். கிரிஸ்டலோடு வரும் இசிஆர் டெம்ப்ளேட் அப்படிச் செய்யாது. பார்க்க ரூபியின் இஆர்பி டெம்ப்ளேட் போலவே இருக்கும், ஆனால் எச்டிஎம்எல் எஸ்கேப்பை நீங்களேதான் எழுத வேண்டும். ஒரு இடத்தில் விட்டாலும், கமெண்ட் பெட்டியில் யாரோ போட்ட ஸ்கிரிப்ட் அடுத்தவரின் பிரவுசரில் ஓடும். கெமலில் செஷனும் (பயனரை நினைவில் வைப்பது) சிஎஸ்ஆர்எஃப் காப்பும் (வேறு தளம் பயனர் பெயரில் கோரிக்கை அனுப்புவதைத் தடுப்பது) தனித்தனி லைப்ரரிகள். நீங்கள் சேர்த்தால்தான் உண்டு. லக்கி டெம்ப்ளேட்டுக்குப் பதிலாகக் கிரிஸ்டல் மெத்தடுகளாலேயே பக்கத்தை உருவாக்கி, எழுத்தைத் தானே எஸ்கேப் செய்கிறது. ஃபார்ம்கள் நிறைந்த தளத்துக்கு லக்கியை நான் பரிந்துரைப்பது முதலில் இதற்காகத்தான்.

இன்னொன்று: ரூபியின் ரூபிஜெம்ஸ் போல லைப்ரரிகளுக்கான மையக் கிடங்கு கிரிஸ்டலுக்குக் கிடையாது. ஷார்ட்ஸ் கருவி ஒவ்வொரு லைப்ரரியையும் அதன் கிட் ரெப்போவிலிருந்தே நேராக இறக்குகிறது. ரெப்போவை உரிமையாளர் அழித்துவிட்டால், புது சர்வரில் உங்கள் பில்டு நின்றுபோகும். லைப்ரரிகளின் பதிப்புகளைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலைக் கமிட் செய்யுங்கள், முக்கியமான லைப்ரரிகளுக்கு உங்கள் கணக்கில் ஒரு ஃபோர்க் (நகல்) வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறுதலான சேதியும் உண்டு. எச்டிடிபி சர்வர் கிரிஸ்டலின் ஸ்டாண்டர்டு லைப்ரரியிலேயே இருக்கிறது, கெமல் அதன்மேல் போட்ட மெல்லிய அடுக்குதான். போஸ்ட்கிரெஸ், மைசீக்வல், சீக்வலைட் மூன்றுக்கும் ஒரே பொது இடைமுகத்தில் டிரைவர்கள் உண்டு. பில் கணக்கு, வரி, ஸ்டாக் போன்ற உங்கள் வேலையின் லாஜிக்கை ரூட்டுக்குள் (எந்த முகவரிக்கு எந்தக் கோடு ஓடும் என்று சொல்லும் பகுதிக்குள்) எழுதாமல் தனி கிளாஸ்களில் வைத்திருந்தால், நாளைக்கு ஃபிரேம்வொர்க் கைவிடப்பட்டாலும் ரூட்டுகளை மட்டும் மாற்றி எழுதினால் போதும்.

கெமலில் பெரிய தளம் நிற்குமா என்று கேட்கிறவர்களிடம், யூடியூபுக்கு மாற்று முகப்பாக இயங்கும் இன்விடியஸின் கோடைப் படிக்கச் சொல்வேன். அது முழுக்கத் திறந்த மூலம், கெமல்மீது எழுதப்பட்டது. பல டுடோரியல்களைவிட அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

குழுவில் எல்லோருக்கும் ரூபி மட்டுமே தெரியும், டெட்லைனும் நெருங்கிவிட்டது என்றால் ரெயில்ஸிலேயே இருங்கள். வேகம் தேவைப்படும் ஒரு சிறு சர்வீஸை மட்டும் கிரிஸ்டலில் எழுதிப் பாருங்கள். முழுசாக மாறுவதென்றால், முதலில் லாகின், ஃபைல் அப்லோடு, டேட்டாபேஸ் மைக்ரேஷன் (டேபிள்களின் அமைப்பை மாற்றுவது), மெயில் அனுப்புவது ஆகிய நான்கை மட்டும் கட்டி உங்கள் சர்வரில் ஏற்றிப் பாருங்கள். இவற்றில் எதற்கு லைப்ரரி கிடைக்காமல் நீங்களே எழுத வேண்டியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்த நாட்களையும் சேர்த்தே வாடிக்கையாளரிடம் தேதி சொல்லுங்கள்.