வைன் போத்தலும் வெறுவயிறும்

போன மாரியில் ஒரு விடியக்காலை ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஓர் ஐயாவை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். சட்டை வியர்வையில் தோய்ந்திருந்தது. மகளையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. விரலில் குத்திப் பார்த்தால் இரத்தத்தில் சீனி 38, ஆபத்தான அளவுக்குக் குறைவு. குளுக்கோஸ் ஏற்றித் தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "நான் குடிக்கிற ஆளில்லை, டொக்டர். மகன் பிரான்சிலயிருந்து கொண்டுவந்த வைன். நெஞ்சுக்கு நல்லதாம்."

அடுத்த கிளினிக்குக்கு மகள் அந்தப் போத்தலைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். பிரான்சின் பொர்தோப் பகுதியில் கபர்னே சோவின்யோன் என்ற முந்திரிகை (திராட்சை) இனத்தில் செய்த வைன், விலை கூடிய சாமான். லேபிளின் கீழே பொடி எழுத்தில் 13.5 வீதம் மதுசாரம் என்றிருந்தது. வீட்டில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

அந்த முந்திரிகை அருமையான இனம்தான். கபர்னே பிரான்க் என்ற கறுப்பு இனமும் சோவின்யோன் பிளாங் என்ற வெள்ளை இனமும் கலந்து பிறந்தது என்பதை 1997இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் டி.என்.ஏ. மூலம் காட்டினார்கள். பழம் சின்னன், தோல் தடிப்பு. அதனால் சாற்றில் தோலினதும் விதையினதும் தனின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய இறங்கும். நாவல்பழம் தின்றால் நாக்கு இழுபடுமே, கடுஞ்சாயத் தேத்தண்ணி குடித்தால் வாய் வறளுமே, அந்தத் துவர்ப்புத்தான். தனின் உமிழ்நீரின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது. சரியாகப் பழுக்காத பழத்தில் கறிமிளகாய் வாசம் அடிக்கும். ஓக் மரப் பீப்பாவில் மாதக்கணக்காகக் கிடந்தால் துவர்ப்பு அடங்கி வனிலா மணம் ஏறும். கொடுக்கிற காசு இந்தச் சுவைக்குத்தான், மருந்துக்கல்ல.

நெஞ்சுக்கு நல்லது என்ற கதை 1991இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பிறகு ஊரெல்லாம் பரவியது. முந்திரிகைத் தோலிலுள்ள ரெஸ்வெரட்ரோல் என்ற பொருள்தான் காரணம் என்றார்கள். ஒரு லீற்றர் வைனில் அது சில மில்லிகிராம்தான். ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்ததோ நூற்றுக்கணக்கான மில்லிகிராம். பழைய கணக்கெடுப்புகள் பலவற்றில், வருத்தம் வந்து குடியை விட்டவர்களையும் 'குடிக்காதவர்' பக்கத்தில் சேர்த்திருந்தார்கள். அதனால் அளவாகக் குடிப்பவர் ஆரோக்கியமானவராகத் தெரிந்தார். 750 மில்லிலீற்றர் போத்தலில் ஏறத்தாழ 80 கிராம் மதுசாரம் இருக்கிறது. கள்ளிலும் சாராயத்திலும் இருக்கிற அதே எதனோல். 1988இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதுபானங்களைப் புற்றுநோய்க் காரணிகளின் முதலாம் பிரிவில், அதாவது உறுதியான காரணிகளில், சேர்த்துவிட்டது.

ஐயா அன்றிரவு இரண்டு கோப்பை குடித்திருக்கிறார். பசிக்கவில்லை என்று சாப்பிடாமல், நீரிழிவுக்கு எடுக்கும் கிளிக்கிளசைட் குளிசையை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறார். சாப்பிடாத இரவில் ஈரல்தான் சீனி செய்து இரத்தத்துக்கு விடவேண்டும். மதுசாரம் போனால் அந்த வேலை தடைப்படும். குளிசையோ சீனியைக் குறைக்கும் இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும்.

எனக்குப் பெரிய பயம் இதுதான்: சீனி இறங்கியவரும் வெறியில் இருப்பவரும் பார்வைக்கு ஒரே மாதிரி. உளறல், தள்ளாட்டம், வியர்வை. "வெறி முறியட்டும்" என்று படுக்கவிட்டால் ஆள் எழும்பாமலே போகலாம். நினைவிருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லாவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்திருக்கவும் வேண்டாம். கிளிக்கிளசைட் போட்டவருக்குச் சீனி திரும்பவும் விழும். ஐயாவையும் வார்ட்டில் மறித்துத்தான் பார்த்தோம். இரத்தம் உறையாமலிருக்க வாபரின், கிருமித் தொற்றுக்கு மெட்ரோனிடசோல் எடுப்பவர்களும் வைனுக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

மகள் கிளினிக்கிலிருந்தே தம்பிக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். முகம் வாடிப்போயிருந்தது அந்தப் பிள்ளைக்கு. அப்பாவில் உள்ள பாசத்தில்தானே கொண்டுவந்தவர். "தம்பி, அடுத்தமுறை வரேக்க சீனி பார்க்கிற ஸ்ட்ரிப் ரெண்டு பெட்டி கொண்டுவாங்கோ" என்றேன்.

"மீற்றரைப் படமெடுத்து அனுப்பு அக்கா, எந்தச் சாதி எண்டு பார்ப்பம்" என்றார்.